ஐப்பசிக் காற்றில் கயாக்கும் மெல்லிய நரம்பும்: கொங்குக் குளங்களில் எதுவரை போகலாம்?

தாராபுரம் தக்கை

அனைவருக்கும் வணக்கம். அமராவதிப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு குளத்தில், மீன்பாசிக் குத்தகை எடுத்திருப்பவரின் இசைவோடு, கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் அமர்ந்து தூண்டில் போட்டு வருகிறேன். ஆடியிலும் ஆவணியிலும் எங்கள் பகுதியில் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்களில் படகைக் கொட்டகையை விட்டு வெளியே எடுப்பதே இல்லை. புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும்தான் என்னைக் குழப்புகின்றன. விடியும்போது நீர் அசையாமல் இருக்கிறது, பத்து மணிக்குள் காற்று எழுந்துவிடுகிறது, அதுவும் ஒரு நாள் மேற்கிலிருந்தும் மறுநாள் கிழக்கிலிருந்தும் வருகிறது.

என்னிடம் இருப்பது மேல்தளத்தில் அமரும் வகைக் கயாக். ஆறரை அடி லைட் ராடு (மெல்லிய தூண்டில் கோல்), 2000 அளவு ரீல், 6 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல்) நரம்பு, போலி இரையாக 3 முதல் 7 கிராம் வரையிலான உலோக ஸ்பூன்களும் சிறு ஸ்பின்னர்களும் வைத்திருக்கிறேன். ஜிலேபி, சிறு கெண்டை வகைகள், எப்போதாவது ஒரு விரால் ஆகியவைதான் கிடைக்கும். காற்று உள்ள நாளில் இதே மெல்லிய சாதனங்களோடு போகலாமா, அல்லது கனமான ராடுக்கும் நரம்புக்கும் மாறிவிட வேண்டுமா? மீன் பிடிபடுமா என்பதோடு, படகை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நொய்யல் வடகரை

தக்கை அவர்களே, நீங்கள் கேட்ட இரண்டில் படகைப் பற்றியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை கிடைக்காமல் நரம்பைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

நமக்குக் காற்று இரண்டு வாசல் வழியாக வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிப் பிழியப்பட்டு வருவதால்தான் உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கமெல்லாம் வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை அது ஓயாமல் அடிக்கிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கான வழக்கமான நாள் அக்டோபர் 20 என்று வானிலைத் துறை வைத்திருக்கிறது. அதாவது ஐப்பசி பிறந்த சில நாளில். மேல்காற்று விடைபெற்று, கீழ்காற்று இன்னும் நிலைகொள்ளாத அந்த இடைப்பட்ட வாரங்களில்தான் திசை நாளுக்கு நாள் மாறும். உங்கள் குழப்பத்துக்குக் காரணம் இதுவே.

திசை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நம் குளங்களின் அமைப்பு அப்படிப்பட்டது. நொய்யல், அமராவதி வடிநிலங்களில் நிலம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. ஆகவே பல குளங்களில் கல் பதித்த உயர்ந்த கரையும் மதகும் கிழக்குப் பக்கத்திலும், ஆழமில்லாத நீர்வரத்துப் பகுதி மேற்குப் பக்கத்திலும் இருக்கும். மேல்காற்று அடிக்கும் நாளில் குளத்தின் முழு நீளத்தையும் கடந்து வரும் அலை கிழக்குக் கரையின் கற்களில்தான் மோதும். வண்டி நிறுத்த வசதியாக இருக்கிறது என்று கரைமேலிருந்து படகை இறக்குபவர், திரும்பி வரும்போது அந்தக் கற்களின் மேல்தான் தூக்கி வீசப்படுவார். கீழ்காற்று நாளில் அதே கரையோரம் அமைதியாக இருக்கும். அலை மேற்கே போய்ச் சீமைக் கருவேலக் கட்டைகளுக்கிடையே ஓயும். ஆகவே எங்கே படகை இறக்குவது என்பதை அன்றைய காற்றைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் மீன் துள்ளுவதைப் பார்த்ததும் மறந்துவிடுகிறது. போகும்போது காற்றை எதிர்த்துத் துடுப்பு போட வேண்டும், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்க வேண்டும். அமைதியான நீரில் நாம் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் போவோம். மரக்கிளைகள் ஆடி, சாலையில் புழுதி எழும்பும் அளவுக்குக் காற்று வந்துவிட்டால் அதில் பாதிகூடக் கிடைக்காது. நீரின் மேல் ஆங்காங்கே வெள்ளை நுரை தலைகாட்டத் தொடங்குவதுதான் என் எல்லை. அது தெரிந்த உடனே கரைக்குத் திரும்பிவிடுவேன், தூண்டிலில் என்ன நடந்துகொண்டிருந்தாலும் சரி.

ஊத்துக்குளி ஓடை

கைபேசியில் காற்றின் வேகத்தைப் பார்ப்பவர்கள் சராசரி வேகத்தை மட்டும் பார்க்கிறார்கள். அதன் கீழே வீச்சு என்று இன்னொரு எண் இருக்கும். திடீரென்று வந்து தள்ளுவது அந்த வீச்சுதான், ஆகவே முடிவெடுக்க வேண்டியது அந்த எண்ணை வைத்துத்தான் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

மூங்கில் தூண்டில்

நான் கரையில் அமர்ந்து மூங்கில் கோலில் மீன் பிடிப்பவன். கயாக்கைப் பற்றி எனக்கு அறிவுரை சொல்லும் தகுதி இல்லை. ஆனால் மெல்லிய நரம்பைப் பற்றிச் சொல்ல ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்.

மெல்லிய சாதனத்தில் மீன் பிடிப்பது மீனுக்கும் வாய்ப்பு கொடுக்கும் முறை என்று பலர் எழுதுவதைப் படித்திருக்கிறேன். காற்றில்லாத நாளில் அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். காற்று அடிக்கும் நாளில் படகும் நகர்கிறது, மீனும் இழுக்கிறது, பிடிப்பவர் ஒரு கையால் துடுப்பைப் பற்றிக்கொண்டு இன்னொரு கையால் ராடைப் பிடித்திருக்கிறார். நரம்பு மெல்லியது என்பதால் இறுக்கி இழுக்கவும் முடியாது. இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டியது பத்து நிமிடம் நீள்கிறது. அதன் பிறகு அந்த மீனை நீரில் விட்டாலும் அது பிழைக்கும் என்று யார் உறுதி சொல்வது? நரம்பு அறுந்தால் வாயில் முள்ளோடும் மூன்று கொக்கி லூரோடும் (போலி இரையோடும்) அது போய்விடுகிறது. எங்கள் குளத்துக் கரையோரம் அப்படி ஒதுங்கிக் கிடந்த விராலை நான் பார்த்திருக்கிறேன். பிடிப்பது உண்பதற்காகவோ விளையாட்டுக்காகவோ இருக்கட்டும், மீன் படும் பாட்டைக் குறைப்பது நம் கடமை. காற்று நாளில் கனமான நரம்பைப் போடுங்கள், இல்லாவிட்டால் கரையிலேயே இருங்கள் என்பதுதான் என் கருத்து.

கேத்தனூர் இறக்கை

மூங்கில் தூண்டில் ஐயாவின் கவலை நியாயமானது. ஆனால் அவர் சொல்லும் எல்லையை இன்னும் துல்லியமாக வரையலாம் என்று நினைக்கிறேன். காற்றாலைப் பராமரிப்பில் வேலை செய்பவன் என்பதால் காற்றைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆள் அமர்ந்திருக்கும் கயாக் காற்றுக்குப் பக்கவாட்டைக் காட்டும்போது, படகும் உடலுமாகச் சேர்ந்து தோராயமாக 0.8 சதுர மீட்டர் பரப்பு காற்றில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 12 கிலோமீட்டர் காற்றில் அதன் மேல் விழும் விசை ஏறக்குறைய அரைக் கிலோ எடைக்குச் சமம். 18 கிலோமீட்டரில் ஒரு கிலோவைத் தாண்டும். 24 கிலோமீட்டரில் இரண்டு கிலோவுக்கு மேல் போய்விடும். 36 கிலோமீட்டர் என்றால் ஐந்து கிலோவைத் தொடும்.

இப்போது தக்கை அவர்களின் நரம்புக்கு வருவோம். 6 பவுண்டு என்பது 2.7 கிலோ. ரீலில் நரம்பை இறுக்கிப் பிடிக்கும் டிராக்கை நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பதுதான் வழக்கம் என்பதால், அது 700 முதல் 900 கிராம் இழுவையில் நரம்பை விடத் தொடங்கும். காற்றில்லாத நாளில் இது போதும், போதும் என்பதைவிட அழகாக வேலை செய்யும். ஏனெனில் மிதக்கும் படகை நகர்த்த அரைக் கிலோ இழுவைகூடத் தேவையில்லை. மீன் இழுக்கும்போது படகே அதன் பின்னால் போய் நரம்பின் சுமையைக் குறைக்கிறது. கரையில் நிற்பவருக்குக் கிடைக்காத வசதி இது.

காற்று நாளில் இதே படகு நரம்புக்கு எதிரியாகிவிடுகிறது. மீன் அடியில் ஊன்றிக்கொண்டு நின்றாலோ, நரம்பு ஒரு கட்டையில் மாட்டினாலோ, படகை நிறுத்தி வைக்கும் வேலையும் நரம்பின் தலையில் விழுகிறது. 12 கிலோமீட்டர் காற்றில் அந்தச் சுமை டிராக்கின் அளவுக்குள் அடங்கும். 18 கிலோமீட்டரில் பக்கவாட்டில் நின்றால் அடங்காது. ரீல் நரம்பை விட்டுக்கொண்டே இருக்கும், படகு விலகிக்கொண்டே போகும், ஐயா சொன்ன அந்தப் பத்து நிமிடம் அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே காற்று நாளில் 6 பவுண்டு நரம்பு எதுவரை தாங்கும் என்பதை மீனின் எடையை வைத்துக் கணக்கிடுவதைவிடக் காற்றின் வீச்சை வைத்துக் கணக்கிடுவதே சரி. வீச்சு 15 வரை என்றால் நான் தயங்காமல் போவேன். அதற்கு மேல் என்றால் படகின் மேல் விழும் காற்றின் சுமையை நரம்பைத் தவிர வேறொன்று ஏற்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மீன் பிடிப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. காற்றாலையின் முகம் எப்போதும் காற்று வரும் திசையையே பார்த்திருக்கும். மேற்கே பார்த்து நின்ற காற்றாலைகள் எல்லாம் வடகிழக்கே திரும்பி நிற்பதைப் பார்த்தால் அன்று எந்தக் கரை பாதுகாப்பு என்பது குளத்துக்குப் போய்ச் சேரும் முன்பே தெரிந்துவிடும். ஆனால் இறக்கை சுற்றவில்லை என்பதை மட்டும் வைத்துக் காற்று இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பராமரிப்புக்காகவோ மின்கட்டமைப்பின் தேவைக்காகவோ நாங்களே நிறுத்தி வைத்திருக்கலாம்.

பவானிசாகர் பரிசல்

எங்கள் குடும்பம் அணையில் பரிசல் போட்டு வலை வீசும் குடும்பம். கயாக்கை நான் ஓட்டியதில்லை. இருந்தாலும் இறக்கை அண்ணன் சொன்ன சுமையை எங்கள் ஆட்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது உங்களுக்கும் பயன்படலாம்.

பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காற்று பிடித்தால் சுற்றிக்கொண்டே போகும். அதனால் எங்கள் ஆட்கள் காற்றோடு மல்லுக்கட்டுவதில்லை. வலையைக் காற்றின் மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கமாகவே விட்டுக்கொண்டு வருவார்கள். ஓரிடத்தில் நிற்க வேண்டுமென்றால் கயிற்றில் கட்டிய கல்லை இறக்குவார்கள். அந்தக் கயிற்றின் மேல்முனையைப் பரிசலில் முடிச்சுப் போட்டு இறுக்கிவிட மாட்டார்கள். ஒரு மிதவையைக் கட்டி, ஒரே இழுப்பில் அவிழும்படி சுருக்கு மட்டும் போடுவார்கள். ஏதாவது ஆபத்து என்றால் கல்லைத் தூக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது; சுருக்கை உருவிவிட்டுப் போய்விட்டு, மிதவையைப் பார்த்துப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். கயாக்கில் நங்கூரம் போடுபவர்களும் இதையே செய்ய வேண்டும். பெரிய மீன் மாட்டினாலும் இதே வழிதான். சுருக்கை உருவிவிட்டு மீனோடு போங்கள்.

இன்னொன்று. நங்கூரத்தை ஒருபோதும் படகின் நடுப் பக்கத்தில் கட்டாதீர்கள். முனையிலோ பின்புறத்திலோதான் கட்ட வேண்டும். பக்கத்தில் கட்டினால் அலை வரும்போது கயிறு அந்தப் பக்கத்தைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மறுபக்கத்தைக் காற்று தூக்கும். கவிழ்வதற்கு அது போதும். கயிறும் நீளமாக இருக்க வேண்டும். ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது விட்டால்தான் நங்கூரம் படுத்துப் பிடிக்கும். குறைவாக விட்டால் தத்தித் தத்தி வரும்.

ஆகாயத்தாமரை உள்ள குளமா உங்களுடையது? இதை நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தாமரை கரையோடு ஒட்டிக் கிடக்கும்போது தரையைப் போலத்தான் தெரியும். காற்று திசை மாறினால் ஒரு ஏக்கர் பரப்புக்கு மொத்தமாகப் பெயர்ந்து வந்து எதிர்க்கரையை அடைத்துக்கொள்ளும். காலையில் நீங்கள் படகை இறக்கிய துறை மதியம் இருக்காது. தண்டும் வேருமாகப் பின்னிக் கிடக்கும் அதற்குள் துடுப்பு நுழையாது, முன்னேறவும் முடியாது, பின்வாங்கவும் முடியாது. அதற்குள் நீந்திக் கரையேறலாம் என்று மட்டும் யாரும் நினைக்கவே கூடாது. கிளம்பும் முன்பே இரண்டாவது துறை ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாராபுரம் தக்கை

பரிசல் தம்பி, எங்கள் குளத்தில் நீர்வரத்துப் பக்கம் முழுக்க ஆகாயத்தாமரைதான். நீங்கள் சொன்னதை நான் யோசித்ததே இல்லை, மிக்க நன்றி. இறக்கை அவர்களின் கணக்கும் கண்ணைத் திறந்தது. இப்போது அடுத்த கேள்வி. காற்று நாளில் மீன் எங்கே நிற்கும்? 3 கிராம் ஸ்பூனைக் காற்றில் வீசினால் பாதி வழியிலேயே திரும்பி என் மேலேயே விழும்போல் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது?

சூலூர் விரால்

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

காற்று மேல்மட்ட நீரைத் தான் போகும் திசைக்குத் தள்ளுகிறது. அந்த நீரோடு நுண்ணுயிர்களும் மிதக்கும் பூச்சிகளும் போகின்றன, அவற்றைத் தின்னச் சிறு மீன்கள் போகின்றன, சிறு மீன்களைத் தின்னப் பெரிய மீன்கள் போகின்றன. ஆகவே ஒரே திசையில் இரண்டு மூன்று நாள் காற்று அடித்த பிறகு, அலை மோதும் கரையை ஒட்டித்தான் இரை சேர்ந்திருக்கும். கரையில் நின்று பிடிப்பவர்களுக்கு அது நல்ல இடம். நமக்கு அது அலை மோதும் கற்கரை என்பதால் அங்கே ஒட்டிப் போகக் கூடாது. அலை உடையும் இடத்துக்கு வெளியே, தூண்டிலை ஒரு முறை வீசினால் எட்டும் தூரத்தில் நின்று போடலாம். காற்று திசை மாறிய முதல் நாளில் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இரை பழைய கரையிலேயே இருக்கும்.

ஜிலேபி நம் குளங்களில் எங்கும் உள்ள மீன். 1952இல் வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த இனம் இன்று நம் குளத்து மீன்களையெல்லாம் ஓரங்கட்டியிருக்கிறது. மெல்லிய சாதனத்துக்கு மிகப் பொருத்தமான மீனும் அதுதான். கூடு கட்டிக் காவல் காக்கும்போது சிறிய ஸ்பின்னரைக்கூட ஆவேசமாக அடிக்கும். பிடித்ததை வீட்டுக்கு எடுத்துச் செல்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

விரால் வேறு கதை. அது மேலே வந்து காற்றைச் சுவாசித்தே ஆக வேண்டிய மீன். அமைதியான நீரில் அது வாயைத் திறந்து மூடும் இடத்தில் ஒரு குமிழியும் மெல்லிய வளையமும் தெரியும், அதைப் பார்த்துத்தான் நாங்கள் போடுவோம். அலை உள்ள நாளில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தாமரைப் பரப்பின் மறைவில், காற்றுப் படாத பக்கத்தில், பாய் விரித்ததுபோல் ஒரு துண்டு நீர் அசையாமல் கிடக்கும். அங்கே பார்த்தால் குமிழி தெரியும். அந்த இடத்தில் 6 பவுண்டு நரம்பைப் போடவே கூடாது என்பதில் நான் மூங்கில் தூண்டில் ஐயாவோடு முழுமையாக உடன்படுகிறேன். முள் ஏறிய மறுநொடியே விரால் வேருக்குள் புகும். அதைத் தடுத்து வெளியே இழுக்க 30 பவுண்டுக்குக் குறையாத பிரெய்டும் விறைப்பான ராடும் வேண்டும். மெல்லிய நரம்பு என்றால் வேரோடு பின்னி அறுந்து, லூரோடு மீன் உள்ளேயே செத்துப்போகும். ஐயா பார்த்த விரால் பெரும்பாலும் அப்படித்தான் இறந்திருக்கும். செடி உள்ள இடத்தில் மெல்லிய சாதனம் கூடாது, திறந்த நீரில் மட்டும் போதும்.

மழைக்காலம் விரால் குஞ்சு பொரிக்கும் காலமும்கூட. சிவந்த குஞ்சுகள் பந்துபோல் திரண்டு நீரின் மேல் கொதித்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் அடியில் தாயும் தந்தையும் காவலாக வருகின்றன என்று பொருள். அப்போது எதைப் போட்டாலும் அடிக்கும். அதனாலேயே போடக் கூடாது. பெற்றவை போய்விட்டால் அந்தக் குஞ்சுக் கூட்டம் முழுவதையும் ஜிலேபியும் மற்ற மீன்களும் தின்று தீர்த்துவிடும்.

நொய்யல் வடகரை

வீசுவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

காற்றை எதிர்த்து 3 கிராமை வீச வேண்டாம், அது எந்தத் திறமையாலும் நடக்காது. காற்று போகும் திசையிலேயே, அதற்குச் சற்றுச் சாய்வாக வீசுங்கள். எடையைவிட உருவம் முக்கியம். 5 கிராம் ரப்பர் மீனைவிட 5 கிராம் உலோக ஸ்பூன் மிகத் தொலைவு போகும், ஏனெனில் காற்றில் படும் பரப்பு குறைவு. தலைக்கு மேலாக வீசாமல், ராடைப் பக்கவாட்டில் நீருக்கு அருகே கொண்டுவந்து தாழ்வாக வீச வேண்டும். லூர் நீரைத் தொடும் கணத்தில் ரீலின் வாயை விரலால் தடவி நரம்பை நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றும் முன் ஒரு முழம் நரம்பைக் கையால் இழுத்து இறுக்கிக்கொள்ளுங்கள். காற்று நாளில் தளர்ந்த நரம்பு ரீலில் சுற்றிக்கொண்டு அடுத்த வீச்சில் கொத்தாக முடிச்சு விழுவது பெரும்பாலும் இந்த ஒரு முழத்தால்தான்.

பிரெய்டு மிக இலேசானது. காற்று அதை வில்போல வளைத்துவிடும். மீன் தட்டியது கைக்கு வந்து சேராது. அதனால் வீசிய உடனே ராடின் நுனியை நீரைத் தொடும் அளவுக்குத் தாழ்த்திவிடுங்கள். பிரெய்டின் முனையில் இரண்டு பாகம் (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்) நீளத்துக்கு ஃபுளோரோகார்பன் லீடர், அதாவது நுனி நரம்பு, கட்டினால், அது நீரில் மூழ்கும் தன்மையுடையது என்பதால் கடைசிப் பகுதியாவது காற்றிலிருந்து தப்பும்.

காற்று போகும் பக்கம் வீசினால் படகும் லூரை நோக்கியே நகரும், ஆகவே வழக்கத்தைவிட வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். இங்கேதான் டிரிஃப்ட் சூட் உதவுகிறது. நீருக்குள் விரியும் குடைபோன்ற அந்தத் துணிப்பை படகின் நகர்வை வெகுவாகக் குறைக்கிறது. இறக்கை அவர்கள் கேட்ட வேறொன்று இதுவே. படகின் மேல் விழும் காற்றின் சுமையை நீரிலுள்ள பை ஏற்றுக்கொள்ளும், நரம்புக்கு மீனின் சுமை மட்டுமே மிஞ்சும். அதே சமயம் படகு முன்போல மீனின் பின்னால் எளிதாகப் போகாது என்பதால் டிராக்கைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள்.

மூங்கில் தூண்டில்

நண்பர்கள் எழுதியதைப் பொறுமையாகப் படித்தேன். என் கருத்தின் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். திறந்த நீரில், வீச்சு 15 கிலோமீட்டருக்குள் இருக்கும்போது, படகின் சுமையைத் துணிப்பை ஏற்கும் ஏற்பாட்டோடு மெல்லிய நரம்பைப் பயன்படுத்துவதில் எனக்கு இப்போது மறுப்பில்லை. அதைத் தாண்டினால் மறுப்பு உண்டு. இரண்டு நிபந்தனைகளையும் சேர்க்க வேண்டுகிறேன்.

முதலாவது, முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மூன்று கொக்கி உள்ள லூர் என்றால் அதைக் கழற்றிவிட்டு ஒற்றை முள்ளை மாட்டுங்கள். நரம்பு அறுந்தாலும் மீன் அதை உதறிவிட வாய்ப்பு இருக்கும். ஆடும் படகில் அதே முள் உங்கள் கையில் ஏறினாலும் எளிதில் எடுத்துவிடலாம். கரை தொலைவில் இருக்கும்போது அதன் அருமை தெரியும்.

இரண்டாவது, விடப்போகும் மீனை மடியில் போட்டுக்கொண்டு படம் எடுக்காதீர்கள். காற்று அடிக்கும் வெயிலில் அதன் வழவழப்பு நொடியில் காய்ந்துவிடும். கையை நனைத்துக்கொண்டு, படகின் ஓரத்தில் நீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றலாம். புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது என்பதால் அந்த மாதம் முழுவதும் பிடித்ததையெல்லாம் விட்டுவிடுவது என் வழக்கம். நீருக்கு வெளியே எடுக்காமல் விட்ட மீன் எப்படி வாலை அடித்துக்கொண்டு போகிறது என்பதையும், கரையில் கொஞ்ச நேரம் கிடந்த மீன் எப்படிச் சாய்ந்து சாய்ந்து போகிறது என்பதையும் அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஊத்துக்குளி ஓடை

பாதுகாப்பைப் பற்றி யாரும் தனியாக எழுதாததால் சுருக்கமாக எழுதுகிறேன்.

லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்குப் பின்னால் செருகி வைப்பது அணிந்ததாகாது. நம் குளங்களின் அடியில் வண்டல் முழங்காலுக்கு மேல் இருக்கும். நீச்சல் தெரிந்தவரையும் அது பிடித்துக்கொள்ளும். கவிழ்ந்தால் படகை விட்டு விலகாதீர்கள். ஆளில்லாத படகைக் காற்று நாம் நீந்தும் வேகத்தைவிட வேகமாகக் கொண்டுபோய்விடும் என்பதால், துடுப்பைக் கயிற்றால் படகோடு பிணைத்து வைத்திருந்தால் துடுப்பைப் பிடித்தாலே படகு கைக்கு வரும்.

ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இடி மழை வருவது நமக்குப் பழக்கம். மழைக்கு முன்னால் திடீரென்று குளிர்ந்த காற்று ஒரு திசையிலிருந்து பாய்ந்து வரும். அதுவரை அடித்த காற்றுக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும் பொருள். முதல் இடி காதில் விழுந்ததும் கரையேறுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மீண்டும் இறங்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் அணைகளுக்குக் கயாக்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அணை நீர்த்தேக்கங்கள் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளவை. பவானிசாகர், ஆழியாறு, அமராவதி போன்றவற்றில் மீன்பிடிப்பு தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் கீழ் வருவது. அனுமதி இல்லாமல் படகு இறக்க முடியாது. அமராவதி நீர்த்தேக்கத்தில் இயற்கையாகவே முதலைகள் வாழ்கின்றன. பவானிசாகரின் மேல்பகுதியில் கலக்கும் மாயாறு புலிகள் காப்பகத்தின் வழியாக வருவது. கிராமத்துக் குளமும், குத்தகைதாரரின் இசைவும் இருந்தால் போதும். நமக்கு வேண்டிய மீன் அங்கேயே இருக்கிறது.

பவானிசாகர் பரிசல்

ஓடை அண்ணன் சொன்னதோடு ஒன்று. குளம் நிரம்பிக் கலிங்கு வழியாக நீர் போய்க்கொண்டிருக்கும் நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள். மேலிருந்து பார்த்தால் இழுவை தெரியாது. காற்றும் அதே திசையில் அடித்தால் துடுப்பால் தப்ப முடியாது.

தாராபுரம் தக்கை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் எடுத்திருக்கும் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வீச்சு 15க்குள் இருந்தால் 6 பவுண்டு நரம்போடு திறந்த நீரில் மட்டும் போடுவேன். 15க்கும் 20க்கும் இடையில் என்றால் 10 பவுண்டு நரம்பு சுற்றிய இரண்டாவது ஸ்பூலை ரீலில் மாட்டிக்கொண்டு, கரையோரத்தை விட்டுப் போகாமல், காற்றுப் படாத பக்கத்தில் மட்டும் இருப்பேன். அதற்கு மேல் என்றால் படகு கொட்டகையிலேயே இருக்கும். தாமரை உள்ள பக்கத்துக்கு மெல்லிய ராடை எடுத்துச் செல்வதில்லை. எல்லா முள்ளின் எதிர்முள்ளையும் நேற்றே நசுக்கிவிட்டேன்.

ஒரே ஒரு ஐயம் மிச்சம் இருக்கிறது. டிரிஃப்ட் சூட் எந்த அளவில் வாங்க வேண்டும், அதைப் படகின் முனையில் கட்டுவதா, பின்புறத்தில் கட்டுவதா? மாட்டிய மீன் அந்தத் துணிப்பையின் கயிற்றைச் சுற்றிக்கொண்டால் என்ன செய்வது?

நொய்யல் வடகரை

ஒருவர் அமரும் கயாக்குக்கு வாய் விட்டம் 45 முதல் 60 சென்டிமீட்டர் உள்ளது போதும். அதைவிடப் பெரியதை வாங்கினால் இழுத்து எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும்.

சிற்றலை மட்டும் இருக்கும்போது பின்புறத்தில் கட்டுங்கள். படகின் முனையும் உங்கள் முகமும் காற்று போகும் பக்கத்தைப் பார்த்திருக்கும், தூண்டில் வீச எந்தத் தடையும் இராது. அலை ஏறிப் பின்புறத்தில் நீர் தெறிக்கத் தொடங்கினால் முனைக்கு மாற்ற வேண்டும், ஏனெனில் முனைதான் உயர்ந்திருக்கிறது, அலையைப் பிளப்பதும் அதுதான். ஆனால் அந்த மாற்றத்தைச் செய்யும்படியான நிலை வந்துவிட்டால் மீன் பிடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்புவதற்கான நேரமும் அதுவே என்று நான் கொள்கிறேன்.

கயிறு இரண்டு மூன்று மீட்டர் போதும். பையின் வால்பகுதியில் இன்னொரு மெல்லிய கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதை இழுத்தால் பை தலைகீழாக மடிந்து நீரைக் கொட்டிவிடும், ஒரு கையாலேயே உள்ளே எடுத்துவிடலாம். ஜிலேபி மாட்டினால் பையை எடுக்கத் தேவையில்லை. கனமான மீன் என்று டிராக்கின் ஓசையிலேயே தெரிந்துவிடும். அப்போது முதல் வேலையாக அந்த மெல்லிய கயிற்றை இழுத்துப் பையை மடக்கிவிடுங்கள், மீனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு கயிறுகளையும் வெவ்வேறு நிறத்தில் வாங்குங்கள், அவசரத்தில் எது எது என்று தேட வேண்டியிருக்காது. பக்கத்தில் ஒரு சிறு கத்தியை உறையோடு கட்டி வையுங்கள்.